ஹெட்போனும் நல்லது, லேப்டாப்பும் நல்லது

காரைக்காலில் இருக்கும் நம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். லேப்டாப்பை எப்படித் திறப்பது, டிரைவரை எப்படி ஏற்றுவது என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அதெல்லாம் போனில் தேடினால் படத்தோடு வந்துவிடுகிறது. தேடினால் வராத ஒன்று இருக்கிறது. எதிரில் ஒரு ஆள் பதறிக்கொண்டு நிற்கும்போது நம் கை எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தக் கடையில் கம்ப்யூட்டரைத் திறந்து வேலை பார்த்த முதல் பெண் நான்தான். ஆரம்பத்தில் வீடுகளுக்குப் போனால், கதவைத் திறப்பவர்கள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். "மெக்கானிக் எப்பம்மா வருவாரு?" என்பார்கள். "வந்துட்டாருங்க" என்று சொல்லிவிட்டுப் பையைத் திறப்பேன். சில வருஷங்களில் அந்தக் கேள்வி நின்றுபோனது. பிறகு நான் லீவு போட்டால், "அந்தம்மா வரலையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

வருகிற புகார்களிலேயே எனக்குப் பிடித்தது "சத்தம் வரலைங்க" என்பது. திரை உடைந்தால் உடைந்தது தெரியும். சத்தம் அப்படியில்லை. எங்கே நின்றுபோனது என்று கண்ணுக்குத் தெரியாது. பல நேரம் அது இயந்திரத்துக்குள்ளேயே இருக்காது.

தருமபுரத்தில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். விடியற்காலையில் கம்ப்யூட்டரில் பக்திப் பாடல்களைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வைப்பவர். ஒரு நாள் சத்தம் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திருகை யாரோ கடைசிவரை குறைத்து வைத்திருந்தார்கள். கையை வைக்கப் போனேன். சமையலறை வாசலில் அவர் மனைவி நின்றுகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வாத்தியார் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் திருகைத் தொடவில்லை. "சார், இந்த ஸ்பீக்கருக்கு வயசாயிடுச்சு. நல்ல ஹெட்போனா ஒண்ணு வாங்கிக்குங்க, பாட்டு இன்னும் துல்லியமாக் கேட்கும்" என்றேன். அவர் வாங்கினார், ரொம்பவும் ரசித்தார். அந்த அம்மா பொங்கலுக்குக் கடைக்கு ஒரு தூக்கு நிறைய சர்க்கரைப் பொங்கல் அனுப்பினார். மனசாட்சிப்படி சொன்னால் ஸ்பீக்கருக்கும் வயசாகித்தான் இருந்தது.

இது சிரிப்பதற்குச் சொன்னது. இனி சொல்லப்போவது கொஞ்சம் வியர்த்துப் போன கதை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம். மீன்பிடித் தடைக்காலம், படகுகளெல்லாம் கரையேறிக் கிடந்தன. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில் கடைக்கு ஒரு போன் வந்தது. திருமலைராயன்பட்டினத்தில் கடலோரத் தெருவிலிருந்து ஒரு பெண்.

"அக்கா, லேப்டாப்புல ஹெட்போன் போட்டா சத்தம் வரலைங்க. ரெண்டரைக்கு நான் வேலையா லைன்ல இருக்கணும். யாராவது வர முடியுங்களா?"

"லேப்டாப்பைக் கடைக்கு எடுத்துட்டு வர முடியுமாம்மா?"

"வந்துட்டுத் திரும்பிப் போக நேரம் பத்தாதுக்கா."

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அரசலாற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று. வழியெல்லாம், ஏதோ ஆன்லைன் வகுப்பாக இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

அவள் பெயர் வசந்தா. முப்பது வயசு இருக்கும். முன்னறையில் சுவரோரமாக மேசை, மேசைமேல் லேப்டாப், நாற்காலிக்குப் பின்னால், வீடியோவில் வீடு தெரியாதபடி சுருக்கமில்லாமல் கட்டிய நீலப் போர்வை. வீட்டின் கொல்லைப்புறத்தில் அவள் கணவர் செந்தில் படகு இன்ஜின்களைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இன்ஜின் மெக்கானிக். தடைக்காலத்தில்தான் எல்லோரும் இன்ஜினைப் பழுது பார்ப்பார்கள் என்பதால் அவருக்கு அப்போதுதான் மூச்சுவிட நேரமிருக்காது.

"என்ன வேலைம்மா உங்களுக்கு?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தேன்.

"பிரான்சுல நம்ம தமிழாளுங்க ஆஸ்பத்திரிக்கு வருவாங்கக்கா. டாக்டருக்குத் தமிழ் தெரியாது. இவங்கள்ல கொஞ்சப் பேருக்கு பிரெஞ்சு வராது. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் பேசணும். இங்க உக்காந்துகிட்டே."

"பிரெஞ்சு எங்கே படிச்சீங்க?"

"காரைக்கால்லதான். பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு எடுத்தா மார்க் அள்ளிப் போடுவாங்கன்னு சொன்னாங்க, எடுத்தேன். அப்புறம் பிடிச்சுப்போச்சு."

அந்தப் பதற்றத்திலும் இதைச் சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதற்காகத்தான் கேட்டேன். வாடிக்கையாளரிடம் முதலில் அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். பதற்றம் குறையும், பிறகு சொல்கிற பதில்களும் சரியாக இருக்கும்.

பிரச்சினை இதுதான். ஹெட்போனைச் சொருகினாலும் லேப்டாப் கண்டுகொள்வதில்லை, சத்தம் ஸ்பீக்கரிலேயே வருகிறது. அவளுடைய கம்பெனிக்கோ கண்டிப்பான விதி. நோயாளி சொல்வது வேறு யார் காதிலும் விழக்கூடாது. ஸ்பீக்கர் ஆகாது. புளூடூத் ஆகாது. ஒயர் உள்ள ஹெட்போன் மட்டும்தான்.

"ஏதாவது மாத்தினீங்களா? புதுசா ஏதாவது போட்டீங்களா?"

"ஒண்ணுமே மாத்தலக்கா."

"இன்னிக்குப் பேச முடியலன்னா என்ன ஆகும்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு பேஷண்ட், ஒரு டாக்டர். அதுக்கு மேல நான் சொல்லக்கூடாது. ஆனா டாக்டர் கேக்குறதுக்கு அவங்க இன்னிக்கு ஒரு முடிவு சொல்லணும்க்கா. இதை விட்டா அடுத்த தேதி எப்பக் கிடைக்கும்னு தெரியல. தள்ளிப்போட அவங்களுக்கு நேரம் கிடையாது."

ஆன்லைன் வகுப்பு என்று நினைத்துக்கொண்டு வந்த நான் நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

திரையைப் பார்த்தால் அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருக்கிறது. கம்பெனியின் தொழில்நுட்ப உதவி ஆள் ஒருவர் சென்னையிலிருந்து லேப்டாப்புக்குள் வந்திருந்தார். வசந்தாவின் போனிலும் அவர் லைனில் இருந்தார். இளம் குரல், மரியாதையான பேச்சு.

"மேடம், நான் எல்லா செட்டிங்கும் பார்த்துட்டேன். சவுண்டு டிரைவரை எடுத்துட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, திரும்ப ஏத்திடலாம். நீங்க சரின்னா ஆரம்பிச்சிடுறேன்."

லேப்டாப்பில் ஒலியை இயக்கும் மென்பொருள்தான் டிரைவர். அதை எடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றுவது நாம் கடையில் தினமும் செய்கிற வேலை. வசந்தா சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டினேன்.

"தம்பி, கொஞ்சம் இருங்க. ஸ்பீக்கர்ல சத்தம் நல்லா வருதுல்ல? அப்ப டிரைவர் வேலை செய்யுது. வேலை செய்யுறதை எடுத்துட்டு, திரும்ப ஏறலன்னா?"

"ஏறிடும் மேடம். பெரும்பாலும் ஏறிடும்."

"பெரும்பாலும் ஏறும், எனக்கும் தெரியும். இன்னிக்கு அந்தப் பெரும்பாலும் போதாது. ரீஸ்டார்ட் ஆகும்போது அப்டேட்னு வட்டம் சுத்த ஆரம்பிச்சா, நீங்களும் நானும் அதை வேடிக்கை பாக்க வேண்டியதுதான்."

வசந்தா என் முழங்கையைத் தொட்டாள். "அக்கா, அவங்க கம்பெனி ஆளு. நான் வேணாம்னு சொன்னதா எழுதி வெச்சிடுவாங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

போனைக் கையில் வாங்கிக்கொண்டேன். "தம்பி, இதை வேணாம்னு சொன்னது வசந்தா இல்லை, வந்திருக்குற டெக்னீஷியன்னு எழுதிக்குங்க" என்று கடையின் பெயரையும் என் பெயரையும் சொன்னேன். அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"சரிங்க மேடம். நான் லைன்லயே இருக்கேன். என்ன பண்றீங்கன்னு சொல்லிக்கிட்டே பண்ணுங்க" என்றார்.

நல்ல பிள்ளை. வீம்பு பிடித்திருந்தால் எங்கள் இரண்டு பேர் சண்டையிலேயே ரெண்டரை ஆகியிருக்கும்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். அவசரத்தில் நமக்குப் பெரிய வேலையைச் செய்யத்தான் தோன்றும். பெரிதாக ஏதாவது செய்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் தெம்பாக இருக்கும். நேரமில்லாதபோது, திரும்பப் பழையபடி வைக்க முடிகிற வேலையை மட்டும் செய்யுங்கள். சொருகலாம், பிடுங்கலாம், கேட்டுப் பார்க்கலாம். நான் அதைத்தான் செய்தேன்.

அவள் ஹெட்போனைப் பிடுங்கி அவளுடைய போனில் சொருகினேன். பழைய போன், ஹெட்போன் துளை இருந்தது. தம்பியின் குரல் இரண்டு காதிலும் கணீரென்று கேட்டது. ஆக, ஹெட்போன் நல்லது. என் பையில் ஒரு சாதாரண இயர்போன் கிடந்தது, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வாங்கியது. லேப்டாப்பில் ஒரு பாட்டை ஓடவிட்டு அதைச் சொருகினேன். ஸ்பீக்கர் உடனே அடங்கியது, சத்தம் இயர்போனுக்கு வந்தது. ஆக, லேப்டாப்பும் நல்லது.

திரும்ப அவள் ஹெட்போனை லேப்டாப்பில் சொருகினேன். ஸ்பீக்கர் பாட ஆரம்பித்தது.

"ஹெட்போனும் நல்லது, லேப்டாப்பும் நல்லது. ரெண்டும் சேர்ந்தா ஒத்துப்போகல" என்றேன்.

"எங்க வீட்டுலயும் ரெண்டு பேரு அப்படி இருக்காங்கக்கா. மாமியாரும் நாத்தனாரும்" என்றாள் வசந்தா. போனில் அந்தத் தம்பி சிரிப்பை அடக்க இருமுவது கேட்டது.

எனக்குள் ஒரு அரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கும் வரும். இரண்டும் நல்லது, சேர்ந்தால் வேலை செய்யவில்லை என்றால் நடுவில் என்ன இருக்கிறது? டார்ச்சை எடுத்துத் துளைக்குள் பார்க்கவேண்டும், ஊசியால் சுரண்டிப் பார்க்கவேண்டும் என்று விரல்கள் துடித்தன. டார்ச்சை எடுத்தும்விட்டேன். வசந்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் டார்ச்சைக் கீழே வைத்தேன். புதிர் என்னுடையது. அவளுக்கு வேண்டியது காதில் சத்தம்.

"தம்பி, சாதா இயர்போன்ல பேசினா உங்க கம்பெனி ஒத்துக்குமா? ஒயர் இருக்கு."

"ஒயர் இருந்தா சரிதான் மேடம். ஆனா அதுல மைக் இருக்கா?"

"இல்லை. லேப்டாப் மைக்லதான் பேசணும்."

"அது சுத்துவட்டாரத்துச் சத்தம் எல்லாத்தையும் இழுக்குமே."

அவர் சொல்லி முடிக்கவும் கொல்லையில் செந்தில் ஒரு டீசல் இன்ஜினைக் கிளப்பவும் சரியாக இருந்தது. மேசையில் தண்ணீர் டம்ளர் அதிர்ந்தது.

"மேடம், வீட்டுக்குள்ள லாரி வந்துடுச்சா?"

"போட்டு இன்ஜினுங்க" என்று வசந்தா போனில் கத்திவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். இன்ஜின் நின்றது. செந்தில் கையில் கிரீஸும் முகத்தில் குழப்பமுமாக உள்ளே வந்தார். நெட்டையான ஆள், நிலைப்படியில் குனிந்துதான் நுழையவேண்டும்.

"என்னங்க, நான் பேசி முடிக்கிறவரைக்கும் அதைத் தொடாதீங்க. தெருவுல வலை இழுக்குறவங்க, வண்டியில வர்றவங்க யாரும் சத்தம் போடாமப் பாத்துக்கணும்" என்றாள்.

"இவ்வளவுதானே. வாசல்ல நானே நிக்கிறேன்" என்றார்.

என் இயர்போனை மாட்டிக்கொண்டு வசந்தா பேச, சென்னைத் தம்பி கேட்டுப் பார்த்தார். "கொஞ்சம் எதிரொலி இருக்கு மேடம். ஆனா புரியுது. சமாளிச்சிடலாம்" என்றார். வசந்தா நாற்காலியில் சாய்ந்து, டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தாள். அவள் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். இனி எது கெட்டாலும் அந்த நோயாளியிடம் அவள் பேசிவிடுவாள்.

மிச்சமிருந்த நேரம்தான் எனக்கு. இப்போது என் மூளையும் கொஞ்சம் ஒழுங்காக ஓடியது. வந்தவுடன் கேட்ட கேள்வியை மாற்றிக் கேட்டேன்.

"வசந்தா, இந்த ஹெட்போன்ல கடைசியா எப்பக் கேட்டீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"அதுக்கப்புறம் இந்த லேப்டாப்பை யாரெல்லாம் தொட்டாங்க?"

"நான்தான் தொட்டேன், வேற யாரு தொடப்போறா…" என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்தாள். வாசலில் செந்தில் தென்னை மரத்தின் உச்சியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க."

"நான் ஒண்ணும் பண்ணலப்பா. கவர்தான் போட்டேன்."

அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால், வந்ததிலிருந்து கண்ணெதிரேதான் இருந்தது. லேப்டாப்புக்கு மேலும் கீழுமாக மாட்டுகிற கெட்டியான பிளாஸ்டிக் கவர், கடல் பச்சை நிறம். வசந்தா வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் முடிந்ததற்காக வாங்கி வைத்திருந்தாராம். அன்று காலையில் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் மாட்டியிருக்கிறார்.

"உப்புக் காத்துல கிரில்லு, சைக்கிளு, டிவி எல்லாம் போகுதுக்கா. இவ சம்பாரிக்கிற சாமான், இதாவது நல்லாருக்கட்டும்னு பாத்தேன்" என்றார் என்னிடம்.

வசந்தா ஒன்றுமே மாற்றவில்லை என்று சொன்னது பொய்யில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தவரை யாரும் வேறு ஆள் என்று சொல்வதில்லை. அவள் கணக்கில் லேப்டாப் அதே லேப்டாப்தான். என்ன மாற்றினீர்கள் என்று கேட்டால் ஆட்கள் கம்ப்யூட்டருக்குள்ளே யோசிப்பார்கள். யார் தொட்டார்கள் என்று கேட்டால்தான் வீட்டுக்குள்ளே யோசிப்பார்கள்.

ஹெட்போன் முனையை எடுத்துப் பார்த்தேன். கம்பெனி கொடுத்த நல்ல ஹெட்போன், கழுத்தில் தடித்த ரப்பர் உறை. அந்தக் கவரில் துளைக்கு நேராக விட்டிருந்த வட்டம் சின்னது. ரப்பர் அதன் விளிம்பில் முட்டி நின்றுவிடுகிறது. முனை நகக்கனம் வெளியிலேயே தங்கிவிடுகிறது. பார்வைக்குச் சொருகின மாதிரிதான் இருக்கும். என் மட்டமான இயர்போனுக்குக் கழுத்து மெலிசு, அதனால் நேராக உள்ளே போய்விட்டது.

"கவரைக் கழட்டணும்" என்றேன்.

"பரவாயில்லக்கா, நேரம் ஆகுது. இதுலயே பேசிக்கிறேன்" என்றாள் வசந்தா. அவசரத்தில் கழற்றி ஏதாவது உடைந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு. நியாயமான பயம்தான். அந்தக் கவர் மூலைகளில் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும். தெரியாமல் இழுத்தால் லேப்டாப்பே வளையும். எனக்கும் அந்த மாதிரிக் கவர் பழக்கமில்லை.

செந்தில் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். "போட்டவன் நான். எந்த மூலை கடைசியா உக்காந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நான் எடுக்கட்டுமாக்கா?"

நம் தொழிலில் வாடிக்கையாளர் கையில் வேலையைக் கொடுக்க நமக்கு மனசு வராது. அவர் கையைப் பார்த்தேன். இன்ஜின் வேலை செய்கிற கை. எதை எவ்வளவு அழுத்தினால் விடும் என்று பழகிய கை. அதோடு அவர் முகத்தையும் பார்த்தேன். அந்தக் கவரை அவரே கழற்றினால்தான் அன்று இரவு அவருக்குச் சாப்பாடு இறங்கும் என்று தோன்றியது. "எடுங்க" என்று நகர்ந்துகொண்டேன்.

கட்டைவிரலை ஒரு மூலையில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினார். டக் என்று ஒரு சத்தம். வசந்தா கண்ணை மூடிக்கொண்டாள். கீழ்ப்பாதிக் கவர் முழுசாக அவர் கையில் வந்தது. ஹெட்போனைச் சொருகினேன். இந்தத் தடவை உள்ளே போய் உட்கார்ந்தது விரலுக்கே தெரிந்தது. ஸ்பீக்கர் அடங்கியது. வசந்தா ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள், ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"மேடம், இப்ப ஹெட்போன் காட்டுது" என்றார் சென்னைத் தம்பி. "டிரைவர் தானா சரியாயிருக்கும்னு நினைக்கிறேன்."

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் வசந்தாவைப் பார்த்தேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "இப்ப இதை என்னன்னு மேடம் நான் பதிவு பண்றது?" என்றார்.

"சட்டை இறுக்கம்னு போடுங்க தம்பி."

மூன்று பேரும் சிரித்தோம், செந்திலைத் தவிர. வசந்தா முகத்தைத் துடைத்து, முடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த நொடியில் அவள் வேறு ஆளாகிவிட்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன், கதவை அவளே சாத்திக்கொண்டாள்.

வேலை முடிந்ததும் சரியாக வருகிறதா என்று பக்கத்திலேயே நிற்பது நமக்குப் பழக்கம். அன்று நிற்கக்கூடாது. அவள் பேசுவதும் எங்கள் காதில் விழக்கூடாது என்று செந்திலும் நானும் தெருவைத் தாண்டிப் படகுகள் ஏற்றி வைத்திருந்த இடம்வரை போய்விட்டோம். அங்கிருந்து வாசல் தெரியும், குரல் கேட்காது. பூவரச நிழலில் நின்றுகொண்டு செந்தில் தெருவைக் காவல் காத்தார். மீன் கூடையோடு வண்டியில் வந்தவரைக் கையைக் காட்டி இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம் போய் ஏதோ காதில் சொன்னார். அவர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். குரைக்கப் பார்த்த நாய்க்கு ஒரு கருவாட்டுத் துண்டு கிடைத்தது.

திரும்பி வந்தவர் கவரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோச்சுக்குவாளாக்கா?"

"கவர் நல்ல கவர்தாங்க. துளைதான் சின்னதா விட்டுட்டாங்க. உங்ககிட்ட அரம் இருக்குமே?"

அவர் முகம் விரிந்தது. அங்கேயே ஒரு படகில் கருவிப்பெட்டி இருந்தது. மெல்லிய வட்ட அரம் ஒன்றை எடுத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்து, சத்தமே வராமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க ஆரம்பித்தார். இடையிடையே பிளாஸ்டிக் தூளை ஊதிவிட்டு, விரல் நுனியை விட்டு அளவு பார்த்துக்கொண்டார். பிளாஸ்டிக்குக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

அழைப்பு நான் நினைத்ததைவிட நீண்டது. கதவு திறந்து வசந்தா எங்களை நோக்கி வந்தபோது செந்தில் அரத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். அவள் கண் சிவந்திருந்தது. முகம் தெளிவாக இருந்தது.

"என்ன சொன்னாங்க?" என்றார் செந்தில்.

"சொல்லக்கூடாதுங்க" என்றாள். படகின் விளிம்பில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே பேசினாள்.

"பேரு, ஊரு, வியாதி எதுவும் சொல்லமாட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன்க்கா, இல்லன்னா எனக்கு நெஞ்சு அடைக்கும். போன தடவை அவங்க டாக்டர்கிட்ட போனப்ப தமிழ் பேச ஆளு கிடைக்கலையாம். கூட வந்த அவங்க பொண்ணை உக்கார வெச்சுக் கேட்டிருக்காங்க. அஞ்சாவதோ ஆறாவதோ படிக்கிற புள்ள. அம்மாவுக்கு என்ன வந்திருக்குன்னு டாக்டர் பிரெஞ்சுல சொல்ல, அந்தப் புள்ளதான் அதைத் தமிழ்ல அம்மாகிட்ட சொல்லியிருக்கு."

செந்தில் கையிலிருந்த கவரை மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு எல்லாம் பேசி முடிச்சதும் அவங்களா சொன்னாங்க. அந்தப் பொண்ணு இன்னிக்கு வரலையாம். பள்ளிக்கூடம் போயிருக்காம்."

சொல்லிவிட்டு எழுந்து புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள். அடுத்த நோயாளிக்கு நேரமாகிவிட்டது என்றாள். வீட்டுக்குப் போகிற வழியில் பாதியில் திரும்பி, "மெதுவாப் போங்கக்கா. பாலத்துல காத்து அதிகமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.